படியில் கழற்றிய சப்பாத்து

ஹனோவருக்கு வெளியே, பனி மூடிய ஒரு கிராமம். வோட்டுக் கேட்டு வான் வண்டியில் வந்திருக்கும் எங்கள் குழுவின் ஜெர்மன்காரர்களுக்கு முன்னால் கதவுகள் படார் படாரென்று சாத்தப்படுகின்றன. என்னோடு வரும் சிவம் அண்ணைக்கு மட்டும் ஒன்றும் சாத்தப்படவில்லை. யாழ்ப்பாணத்து வழக்கப்படி அவர் வாசற்படியிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுகிறார். பனியில் வெறும் காலுறையோடு நிற்கிற மனிதரை எப்படித் துரத்துவது?

"ஐயோ, முதலில் உள்ளே வாருங்கள்!" வீட்டுக்காரி எங்களை இழுத்துப்போய்க் கோப்பி ஊற்றுகிறாள். "உங்கள் வோட்டு யாருக்கு?"

"எனக்கு வோட்டு இல்லை. நான் அகதி," என்கிறார் அண்ணை.

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து, எங்கள் துண்டுப்பிரசுரத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கிறாள்.

வெளியே வந்ததும் கேட்கிறேன்: "சப்பாத்தைக் கழற்றினது பழக்கதோஷமோ, அண்ணை?"

"முதல் வீட்டில ஓம்." சப்பாத்து நாடாவைக் கட்டாமலே அடுத்த வாசலுக்கு நடக்கிறார். "இது ஒன்பதாவது வீடெல்லோ."