ஃபைனலுக்கு வாறன் என்ற அப்பா

சப்பாத்து மரத்தரையில் உரசுகிற அந்தக் கீச்... கீச்...

இப்போதும் எங்கேயாவது அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஈர ஜாக்கெட் மணமும் வரும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்தில் குளிர் தொடங்குகிற மாதம். வெளியே மழை, உள்ளே ஜிம்மில் ஹீட்டர் வேலை செய்யாது. பலகைப் படியில் நான் ஒருத்தி, என் பக்கத்தில் என் ஹேண்ட்பேக்.

என் தங்கை சுஜி பாஸ்கெட்பால் விளையாடினாள். எங்கள் மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு சின்ன காலேஜ். இங்கே ஹைஸ்கூலைத்தான் காலேஜ் என்பார்கள். டீமுக்கு ஆள் சேர்ப்பதே பெரிய பாடு. நான் அப்போதுதான் சூப்பர்மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை முடிய யூனிஃபோர்மோடேயே ஓடுவேன். அம்மா சுட்டுத் தந்த ரோல்ஸ் மடியில் சூடாக இருக்கும். அந்த டீமின் ஒரே ரசிகை என்று என்னைச் சொல்லலாம். கத்துகிற கத்தலுக்கு ரெஃபரி இரண்டு தரம் திரும்பி முறைத்திருக்கிறார்!

சீசன் தொடங்கும் வாரங்களில் நடப்பதெல்லாம் கிரேடிங் மேட்ச். எந்த டீம் எந்த டிவிஷனில் ஆட வேண்டும் என்று பிரிப்பதற்காக. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. எங்கள் அப்பாவும் வருவதில்லை.

அப்பாவுக்குப் பாண் சுடுகிற ஃபாக்டரியில் ஷிஃப்ட் வேலை. ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர்.

"உது சும்மா பிரிச்சு விடுற மேட்ச்தானே பிள்ளை. உதுக்கெல்லாம் லீவு கேட்டால் ஃபோர்மன் சிரிப்பான். ஃபைனலுக்கு வாறன். முன்னுக்கு இருந்து பாப்பன்."

"ஃபைனலுக்குப் போவமோ எண்டு ஆருக்கு அப்பா தெரியும்?" என்றாள் சுஜி.

"போவியள். நீ என்ர பிள்ளையெல்லோ!"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு பிக் மேட்ச், இரண்டு பெரிய பள்ளிக்கூடங்கள் மோதும் கிரிக்கெட். அதற்கு முன்னால் நடக்கிற ஆட்டங்களை ஒரு நாயும் எட்டிப் பார்க்காது. ஆனால் பிக் மேட்ச் அன்றைக்குக் கச்சேரியில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும். அந்தக் கணக்கையே அப்பா கடல் தாண்டியும் கொண்டு வந்திருந்தார். லீவைச் சேர்த்து வைத்தார். வெள்ளை ஷேர்ட் ஒன்றை அயர்ன் பண்ணி அல்மாரியில் தொங்கவும் விட்டுவிட்டார்.

சுஜி எப்படி விளையாடுவாள் தெரியுமா... மூலையில் நின்று, பந்தை விடும் முன் நாக்கு நுனியை லேசாக வெளியே நீட்டுவாள். சின்ன வயதில் படம் கீறும்போதும் அப்படித்தான். நாக்கு வெளியே வந்தால் பந்து உள்ளே என்று நான் டீம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்பேன். பந்து விழுந்ததும் என்னைப் பார்த்துக் கை காட்டுவாள். பிறகு என் பக்கத்து இடத்தை ஒரு தரம் பார்ப்பாள். அங்கே ஹேண்ட்பேக்தான் இருக்கும்.

கடைசி கிரேடிங் மேட்ச்சில் அவள் ஆடியதைப் போல நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. ஐயோ, என்ன விளையாட்டு! எதிரே எங்களைவிட இரண்டு மடங்கு பெரிய காலேஜ். முடிகிற நேரம், அதே மூலை, அதே நாக்கு... வென்றுவிட்டோம். ஆனால் எகிறிப் பந்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கியபோது இன்னொரு பிள்ளையின் காலில் மிதித்துவிட்டாள். முழங்கால் மடங்கிய விதத்தை நான் எழுதப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில், இந்த சீசன் இல்லை என்றார்கள். பிறகு ஒப்பரேஷன். பிறகு, இனி இந்த விளையாட்டே வேண்டாம் என்றார்கள்.

அவள் இல்லாமலே அந்த டீம் தங்கள் டிவிஷனில் ஃபைனலுக்குப் போனது. அப்பா லீவு போட்டார். முழுகி, திருநீறு பூசி, அந்த வெள்ளை ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு, சொன்னபடியே முன் வரிசையில் இருந்தார். சுஜி டிராக்சூட்டோடு பெஞ்சில் இருந்தாள், ஊன்றுகோல் பக்கத்தில். மேட்ச் முழுக்க அப்பா பந்தைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் திரும்பும் வழியில், டொமினியன் ரோட் லைட்டில் நின்றபோது அப்பா சொன்னார்:

"ஒருக்காலாவது வந்திருக்கலாம், என்ன..."

"பரவாயில்லை அப்பா" என்றாள் சுஜி.

அவள் ஏசியிருக்கலாம். அழுதிருக்கலாம். எனக்கு அப்பாவில் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. பாவம், வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. அது தெரிந்தும் போகவில்லை.

இப்போது சுஜி பாட்டனி டவுன்ஸில் இருக்கிறாள். அவளுடைய மகள் மாயா விளையாடுகிறாள். இப்போதெல்லாம் கிரேடிங் மேட்ச்சுக்கே படி நிறைய அப்பா அம்மாமார், ஆளுக்கொரு ஃபோன், வீட்டில் இருப்பவர்களுக்கு லைவ் வேறு. சுஜி விளையாடியதற்கு எங்களிடம் ஒரு வீடியோத் துண்டுகூட இல்லை.

அப்பா ஒரு மேட்ச்சும் விடுவதில்லை. கதவு திறக்கும் முன்னமே வந்து நிற்பார். "அம்மப்பா, இட்ஸ் ஒன்லி கிரேடிங்!" என்று மாயா சிரிப்பாள். "அதுதான் மேட்ச்" என்பார்.

ஆனால் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருடைய கண்ணைப் பழுதாக்கிவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நான், மறுபக்கம் சுஜி.

போன சனிக்கிழமை சீசனின் முதல் மேட்ச். மூலையில் இருந்து மாயா போட்ட பந்து விழுந்தது. எல்லாரும் கத்தினார்கள். அப்பா என் கையைப் பிடித்தார்.

"ஆர் போட்டது? எங்கட பிள்ளையோ?"

"ஓம் அப்பா."

பிறகு மெல்லக் கேட்டார்.

"தாயைப் போலவோ போடுறாள்?"

சுஜி கோர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது கேட்டது.

"ஓம் அப்பா" என்றேன். "நாக்கையும் நீட்டுறாள்."