பின்பக்கம் மூடிய அங்கி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறையை ஒட்டிய சின்ன அறையில், பத்தொன்பது வருடமாக ஒரு தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மிதிப்பவளைப் பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த படுக்கை விரிப்புக்கு ஒட்டுப்போடுவது, அறுந்த நாடாவைத் தைப்பது, பிரிந்த ஓரத்தை மடிப்பது. இதுதான் அவள் வேலை. மனதுக்குள் மட்டும் வேறொன்றைப் பல வருடமாக வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள்.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் வெளிர்பச்சை அங்கியைத்தான் சொல்கிறேன். முன்பக்கம் மூடியிருக்கும், பின்பக்கம் திறந்திருக்கும். கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா; இடுப்பு நாடா பாதி அங்கிகளில் அறுந்து போயிருக்கும். படுத்திருக்கும் வரை தொல்லை இல்லை. எழுந்து நடந்தால் போச்சு. துணிமூட்டையோடு மேலே வார்டுக்குப் போகும்போதெல்லாம், ஒரு கையால் சுவரையும் மறு கையால் பின்பக்கத்தையும் பிடித்தபடி தத்தித்தத்தி நடப்பவர்களைப் பார்ப்பாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"இதுக்கு ஒரு வழி பண்ணணுங்க" என்று வீட்டில் சொல்வாள்.

பம்பு மோட்டார் பழுதுபார்க்கும் கணவர், "பண்ணேன், யாரு வேணாங்கறா?" என்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஒரு நாள் அவளுடைய அண்ணனே இடுப்பெலும்பு முறிந்து அங்கே வந்து படுத்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், ஆறடி ஆள், எதற்கும் அசராதவர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் நடக்கச் சொன்ன அன்று கட்டிலைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"வலிக்குதாண்ணே?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன? நடந்தாத்தான் தேறும்னு சிஸ்டர் சொல்றாங்கல்ல?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வாக்கர ரெண்டு கையாலயும் பிடிக்கணுமாம். பின்னால யாரு பிடிக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள். கழித்துப்போட்ட விரிப்புகளின் மூட்டையை அவிழ்த்தாள். விரிப்பு எப்போதும் நடுவில்தான் நைந்துபோகும், ஓரம் கெட்டியாக இருக்கும். அந்த ஓரங்களை வெட்டி, ஒரு பழைய அங்கியின் திறப்பில் அகலமான மடலாக வைத்துத் தைத்தாள். வெள்ளை மடல் உள்ளே போகும், பச்சைத் துணி அதன்மேல் வந்து மூடும், விலாப்பக்கம் ஒரு முடிச்சு. எந்தப் பக்கம் உள்ளே, எது வெளியே என்று யாருக்கும் குழப்பம் வராது.

மறுநாள் காலை அதைக் கணவருக்கு மாட்டிவிட்டாள். உட்காரச் சொன்னாள், குனியச் சொன்னாள்.

"இப்ப தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க."

"என்னது! என் மானம் கப்பலேறவா?"

"ஏறாதுன்னு காட்டத்தானே தைச்சிருக்கேன்?"

போனார். எதிர்வீட்டுக்காரி மட்டும், "என்னண்ணே, முடிவெட்டிக்கிட்டிருந்தவரு போத்துன துணியோட பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். மற்றபடி தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை அண்ணன் வார்டின் கடைசி வரை நடந்தார். திரும்பியும் நடந்தே வந்தார். வார்டு நர்ஸ் அங்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா டிரிப்ஸ் ஏறுற கைய எப்படி நுழைக்கிறது? பாட்டில அங்கிக் கைக்குள்ள விட்டு எடுக்கறதுக்குள்ள நாங்க தினமும் சர்க்கஸ் பண்றோம்" என்றாள். தையலக்கா அங்கியின் கையைத் தோளிலிருந்து நுனி வரை பிரித்து, அழுத்துப் பித்தான் வைத்தாள். உலோகம் ஆகாது என்று எக்ஸ்ரே அறையிலிருந்து திருப்பியனுப்பினார்கள். நாடா வைத்தாள். முடிச்சு தோளுக்கடியில் மாட்டிக் குத்தியது. முடிச்சை முன்பக்கம் கொண்டுவந்தாள். நாலாவது அங்கியில் யாருக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நிர்வாக அதிகாரியிடம் எடுத்துப்போனாள். அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, பார்க்கலாம்" என்றார். எழுதிக்கொடுத்தாள். அந்தத் தாள் கிடப்பில் கிடந்தது.

அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தைக்க வரும் கிழிந்த அங்கிகள் ஒவ்வொன்றும் புது மாதிரியாகவே மேலே திரும்பிப் போயின. வாரத்துக்கு ஏழெட்டு. கொஞ்ச நாளில் நோயாளிகளே வெள்ளை மடல் அங்கிதான் வேண்டுமென்று கேட்டு வாங்கினார்கள். பக்கத்து வார்டு நர்சுகள் படியிறங்கி வந்து, "எங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனையா?" என்று சண்டை பிடித்தார்கள்.

கடைசியில் அதிகாரியே கீழே வந்தார். "யார் உத்தரவுல இதெல்லாம் நடக்குது?"

"ஒட்டுப்போடச் சொல்லி உத்தரவு இருக்கே சார். ஒட்டு கொஞ்சம் பெரிசாப் போயிடுச்சு."

சிரிப்பை அடக்க அவர் இருமவேண்டியிருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுக்கியிருந்த அங்கிகளில் ஒன்றைப் பிரித்து, தன் சட்டைமேல் வைத்து முடிச்சைத் தானே போட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் உத்தரவு வந்தது: இனி ஆஸ்பத்திரிக்கு வாங்கும் அங்கியெல்லாம் தையலக்கா கொடுக்கும் அளவில்தான். கூடவே இன்னொரு மிஷினும், உதவிக்கு ஒரு பெண்ணும்.

இப்போது குழந்தைகள் வார்டுக்கு அங்கி வெட்டுகிறாள். வரைபடத்தில் பாக்கெட்டைப் பார்த்த அதிகாரி, "ஆபரேஷனுக்குப் போற பிள்ளைக்குப் பாக்கெட் எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"பயமா இருந்தா கைய எங்க வெச்சுக்கறதுன்னு அதுங்களுக்குத் தெரியல சார்" என்றாள், கத்தரிக்கோலை நிறுத்தாமலே. "ரெண்டு பக்கமும் வைக்கறேன்."