மாட்டுக்கு விழுந்த பேச்சு

பிள்ளைகளே, விடியப்புறம் நான் எழும்பி நடமாடும் சத்தத்தில் உங்கள் நித்திரை குழம்புகிறது என்று அம்மாவிடம் முறையிட்டிருக்கிறீர்கள். நான் வேண்டுமென்று எழும்புவதில்லை. இந்த வயதில் முழிப்புத் தானாக வருகிறது. பிறகும் படுத்திருந்தால் முதுகு நோகும்.

உங்கள் வயதில் என்னை ஐயா, அதுதான் உங்கள் அப்பப்பா, தட்டி எழுப்புவார், துலா மிதிக்க. கிணற்றுக்கு மேலே நீண்டிருக்கும் அந்த மரத்தில் நான் முன்னும் பின்னும் நடந்தால்தான் தண்ணீர் மேலே வரும். கண்ணை மூடிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன். ஐயா கீழே நின்று, "நித்திரை கொள்ளுறதெண்டால் கொள். கிணத்துக்குள்ளை மட்டும் விழாதை, குடிக்கிற தண்ணி" என்பார்.

இளந்தாரியானதும் ஐயா என்னை எழுப்புவதைக் கைவிட்டுவிட்டார். முகத்தில் வெயில் அடித்தால் எழும்புவேன். அந்தப் பழக்கத்தோடுதான் கலியாணம் கட்டி உங்கள் அம்மாவின் வீட்டுக்கு வந்தேன்.

சீதனமாக ஒரு தோட்டத்துண்டும், பக்கத்துக் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் கிடைத்தன. நாலு நாளுக்கு ஒருமுறை எங்கள் முறை. கோயிலில் முதல் மணி கேட்டதும் இறைப்பைத் தொடங்க வேண்டும். ஆள் வராவிட்டால் அடுத்த பங்காளர் இறைக்கலாம் என்பது அங்கே வழக்கம்.

அம்மா மூத்தவளைப் பெற்று தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை அது. மாமா முன்பே காலமாகிவிட்டார். புதிதாக நட்ட மிளகாய்க் கன்றுகளை நம்பித்தான் வீட்டின் அந்த வருடம் முழுவதும் இருந்தது. எங்கள் முறை வந்த அன்று தண்ணீர் காட்டாவிட்டால் அவை தப்பாது.

என்னை எழுப்ப வீட்டில் மாமி மட்டுந்தான். மாமி மருமகனோடு நேரே கதைக்கமாட்டா. அது மரியாதை. விடியப்புறம் முற்றத்தில் அவ மாட்டைப் பேசுவது கேட்டது.

"மணியும் அடிச்சுப்போட்டுது. இன்னும் என்ன படுக்கை? இண்டைக்கு உன்ரை முறையெல்லோ. அங்கை கண்டுகள் வாடுது, உனக்கு நித்திரை."

எங்கள் பேச்சில் மாட்டின் பிள்ளையும் கண்டுதான், மிளகாய் நாற்றும் கண்டுதான். பசு தன் கன்றுக்குப் பால் விடவில்லையாக்கும் என்று நினைத்தேன். மாட்டுக்கு என்ன முறை என்று கொஞ்சம் யோசித்தேன். யோசித்தபடியே நித்திரையாகிவிட்டேன்.

வெயில் ஏறித் தோட்டத்துக்குப் போனபோது அடுத்த பங்காளரின் இறைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் அவருடைய பக்கம் போனது.

"மணி அடிச்சும் ஆளைக் காணேல்லைத் தம்பி" என்றார். "மாமி கூப்பிட்டது எனக்கு இஞ்சை வரைக்கும் கேட்டுது."

"அது மாட்டுக்கு அண்ணை."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாட்டுக்கு எங்கடை கிணத்திலை பங்கில்லைத் தம்பி."

"ஓம் அண்ணை" என்றேன்.

"நான் இறைச்சு முடியக் கிணறு வத்திப்போகும். பின்னேரம் ஊறுறதை வாளியாலை அள்ளு. ஏனெண்டு நான் கேக்கமாட்டன்."

வீட்டுக்கு வந்தேன். மாமி தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனா. அதன்பிறகு அன்று மாட்டுக்கும் பேச்சு விழவில்லை.

வெயில் தாழ்ந்ததும் வாளியும் செம்பும் எடுத்துக்கொண்டு தனியே போனேன். ஊறியிருந்த தண்ணீர் தோட்டம் முழுவதற்கும் காணாது. தலை சாய்ந்து கிடந்த கன்றுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் செம்பால் ஊற்றினேன். பிறகு வேலியில் பூவரசங்குழை முறித்து வந்து, மறுநாள் வெயில் படும் பக்கமாக ஒவ்வொன்றுக்கும் நிழலுக்குக் குத்தி வைத்தேன்.