ஏழாவது எபிசோடில் கதவைத் தட்டியவன்

என் கணவர் சவூதியில் இருக்கிறார், நான் லெப்பைக்குடிகாட்டில். எங்கள் குடித்தனம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பித்து ஐந்தரைக்கு முடியும். அங்கே அவர் ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்வார். இங்கே நான் டிவிக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் சாய்த்துப் போனை நிறுத்துவேன். வீடியோ காலில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, பிஸ்மில்லா சொல்லி, இருவரும் ஒரே நேரத்தில் பேய்த் தொடரை ஓட விடுவோம்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஷைத்தானுக்கு பிஸ்மில்லாவா?" என்பார் மாமியார். சொல்லிவிட்டு அவரும் வந்து உட்கார்ந்துகொள்வார். ஏழாவது எபிசோடு பார்த்த அன்றைக்கு நல்லவேளையாக ஒரு நிக்காஹுக்குப் பெரம்பலூர் போயிருந்தார்.

அது ஒரு நாவலை வைத்து எடுத்த தொடர். தமிழ் டப்பிங். மந்திர நாடு ஒன்றில், போருக்குப் போன புருஷன்களின் உருவத்தில் ஒரு பேய் வந்து கதவைத் தட்டும். திறந்தால் தீர்ந்தது. இதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ன பயம்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து இறங்குகிறவரை நாங்களும் மேலும் கீழும் பார்த்துத்தான் உள்ளே விடுகிறோம். இவர் போகும்போது இருந்த முடியில் பாதி திரும்பி வரும்போது இல்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு நிபந்தனை: யாரும் தனியாக முன்கூட்டிப் பார்க்கக் கூடாது. சேர்ந்து செய்ய எங்களுக்கு வேறொன்றும் இல்லை. இதுவும் இல்லையென்றால், "சாப்புட்டியா, மழையா" என்று கேட்டுக்கொள்ளும் இரண்டு பேர்தான் மிச்சம்.

ஏழாவது எபிசோடில் கதாநாயகி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. விளக்கோடு கதவை நோக்கி நடந்தாள். இசை நின்றது. போனிலிருந்து இவர் குரல் வந்தது.

"கண்ண மூடிக்க புள்ள."

அவர் சொல்லி முடித்த பிறகுதான் கதவிடுக்கில் நீண்ட நகத்தோடு ஒரு கை நுழைந்தது.

"ஏங்க, கை வரும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன். அவர் தலைக்குமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"புதன்கெழமையே பாத்துட்டேன்."

"இது ஒன்னு மட்டுமா?"

"எல்லாமேதான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபப்படும் யோக்கியதை எனக்கில்லை என்பது வேறு விஷயம். அந்த நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை இரண்டாவது வாரமே பெரம்பலூரில் வாங்கி, அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்துப் படித்து முடித்திருந்தேன். அதற்கப்புறம் நான் போட்ட அலறல் எல்லாம் நடிப்பு. ஒரு வாரம் பயத்தில் டம்ளரைக்கூடக் கீழே போட்டேன், எவர்சில்வர் டம்ளராகப் பார்த்து.

"எங்கூடப் பாக்கறது அவ்ளோ சலிப்பா போச்சா?" என்று கேட்டேன்.

"கதையப் பாத்தா ஒன்னப் பாக்க முடியல. முன்னாடியே பாத்து வச்சுக்கிட்டா நீ எப்ப பயப்படுவேன்னு தெரியும். அந்த நேரத்துல ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். டம்ளரு வுழுந்துச்சே, அந்த வாரம் பூரா நெனச்சு நெனச்சு சிரிச்சேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. மனுஷன் ஒரு வாரம் காத்திருந்து பார்த்தது என் நடிப்பைத்தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. மறைத்திருக்கலாம். முடியவில்லை. அரிசி டிரம், டம்ளர் எல்லாவற்றையும் சொன்னேன்.

தொடரை நிறுத்த இருவருமே மறந்திருந்தோம். நாவலில் அவள் கடைசிவரை கதவைத் திறக்கமாட்டாள். அந்தத் தைரியத்தில் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. திரும்பினால், பாவி திறந்துவிட்டிருந்தாள். வாசலில் நின்றது பேயில்லை. அவள் புருஷனேதான், தாடியும் சேறும் வெட்டாத நகமுமாக.

எனக்கு அலறத் தோன்றவில்லை. அழுகை வந்துவிட்டது, மூக்கெல்லாம் ஒழுக.

"இதுவும் நடிப்பா புள்ள?" என்றார். குரலில் கேலி இல்லை.

இல்லையென்று தலையாட்டிவிட்டு, முக்காட்டு நுனியை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனேன்.

"தொடைக்காத," என்றார். "செத்த நேரம் அப்படியே இரு. பாத்துக்கறேன்."