பத்தேகால் மணி நேரத்துக்கு அப்பால்

விமானத்துக்குள் எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. பயணிகள் இறங்கியதும் பின்பக்கப் படி வழியாக ஏறி, நாற்பது நிமிடத்தில் குப்பை பொறுக்கி, போர்வை மடித்து, பெல்ட்டைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிட வேண்டும். பதினேழு வருஷமாக அதுதான் வேலை.

மகள் நர்ஸ் வேலைக்குத் தூர தேசம் போன பிறகு, அந்த ஊரிலிருந்து மத்தியானம் வரும் விமானம் மட்டும் அவளுக்கு வேறாகிவிட்டது. எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். இங்கிருந்து போகப் பதினொன்றரை மணி நேரம். அங்கிருந்து வரப் பத்தேகால். மேலே காற்று இந்தப் பக்கமாகத்தான் அடிக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அன்றே போனில் மகளிடம், "வர்றதுக்குக் காத்துகூட ஒத்தாசை பண்ணுது. நீதான் வர மாட்டேங்குற," என்றாள். மகள் சிரித்துப் பேச்சை மாற்றினாள். லீவு கிடைக்காமலே நாலு வருஷம் ஓடிவிட்டது.

அந்த விமானத்து சீட்டுகளில் அவள் ஏறும்போது இன்னும் சூடு இருக்கும். பத்து மணி நேரத்துக்கு முன்னால் மகள் ஊரில் நின்றவர்கள் உட்கார்ந்த சூடு. யாரோ விட்டுப்போன பேப்பரில், புரியாத எழுத்துக்கு நடுவே மழைமேகப் படம் இருந்தால், பிள்ளை குடை எடுத்துப் போனாளோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

போன வருஷம் ஒருவழியாக மகள் வந்தாள். அன்றைக்கு லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. வாசலில் நின்றால் மகள் வெளியே வர இன்னும் ஒரு மணி நேரமாகும். நாலு வருஷம் பொறுத்தவளுக்கு அந்த ஒரு மணி நேரம் பொறுக்க முடியவில்லை.

மகள் கடைசி வரிசையில் இடம் பிடித்திருந்தாள். எல்லாரும் இறங்கிய பிறகும், செருப்பைக் காணோம் என்று சீட்டுக்கடியில் தேடுவதுபோல் குனிந்தே இருந்தாள். பணிப்பெண் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனாள். ஆள் முழுக்க இறங்கின பிறகே ஏற வேண்டும் என்பது சட்டம். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஏறிவிட்டாள்.

மகள் இளைத்திருந்தாள். கூந்தல் தோளோடு நின்றது.

"முடி எங்கடி?"

"வளரும்மா."

கையுறையைக் கழற்றாமலே மகள் கன்னத்தைப் பிடித்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. மகளை அனுப்பிவிட்டு மீதி வரிசைகளையெல்லாம் முடித்தாள். அந்த சீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தாள்.

பதினைந்து நாள் கண்மூடித் திறப்பதற்குள் போனது. மகள் திரும்பிப் போன விமானத்தையும் அவள்தான் சுத்தம் செய்தாள். கடைசி வரிசையில் போர்வை இரண்டாக வைத்தாள். விமானம் மேலேறி மறைந்த பிறகு வேறு இரண்டு விமானங்களில் வேலை இருந்தது. பதினொன்றரை மணி நேரம் கழித்து, "வந்துட்டேம்மா," என்று போன் வரும்வரை சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே சூப்பர்வைசரிடம் பாஸ்போர்ட்டுக்கு எழுதித் தரச் சொன்னாள்.

"இத்தனை வருஷம் உள்ள போயிட்டு வந்தது போதலையாக்கா?" என்று அவர் சிரித்தார்.

"ஏறினேன், இறங்கினேன். எங்க தம்பி போனேன்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். பாஸ்போர்ட் வந்துவிட்டது. லீவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மேலிடத்திலிருந்து பதில் இல்லை. எப்பம்மா வர்றே என்று மகள் தினமும் கேட்கிறாள்.