இன்னும் இரண்டு கிலோ இடம்

அந்த விதைகளைப் பருப்புப்பொடிக்குள் புதைத்தவள் நான்தான். ஷைனி அல்ல. அவள் அம்மாவும் அல்ல. நான்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போகலாம்… இருந்து கேட்கலாம். இரண்டுக்கும் நான் தகுதியானவள்தான்.

தில்லியில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் தமிழாசிரியை நான். உரைநடையைக் கவிதைபோல் எழுதுகிறவள் என்று நாலு பேர் சொல்ல, அதில் மயங்கியவள். எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்பிலிருந்து சிலர் மெல்போர்ன் போவார்கள். அங்கே ஒரு பள்ளியில் இரண்டு வாரம் படித்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்களைப் பயணத்துக்குத் தயார்செய்வது என் பொறுப்பு.

எப்படித் தயார்செய்தேன் தெரியுமா! பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று பையில், ஒன்று வீட்டில். மாத்திரை என்றால் டாக்டர் சீட்டோடு. அந்த ஊர்ச் சுவரில் நம் பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். மாற்றுடை ஒன்று கைப்பையில். பெட்டி வழிதவறினாலும் மானம் தவறாது. ஷூவின் அடியைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் மண்ணைக்கூட அவர்கள் கேள்வி கேட்பார்கள். தின்னும் பொருள் எதுவானாலும் விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் எழுதுங்கள்.

பிறகு குரலை உயர்த்துவேன். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள்!

"பானிபூரி கொண்டு போலாமா மேம்?" என்றான் பின்வரிசைப் பையன்.

"வயித்துக்குள்ள வச்சுக் கொண்டு போ. அதை எவனும் திறந்து பாக்க மாட்டான்."

கூடமே சிரித்தது. நானும்தான்…

பெட்டிகளை எடைபோட்டுப் பார்த்த நாளில் ஷைனியின் அம்மா ஸ்டெல்லா, இரவுப் பணி முடிந்து மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தார். நர்ஸ். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், ஜனக்புரியில் வாடகை வீடு. மகளின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு பொட்டலம். பிரித்தேன். முந்திரிக்கொத்து. பாசிப்பயறும் வெல்லமும் மணத்தன.

"எடுங்க வெளியே," என்றேன், எல்லார் முன்னிலையிலும்.

"ரெண்டு வாரம் பிள்ள என்னத்தத் திங்கும் மேம்?"

"அங்க இருக்கறவங்க எதத் திங்கறாங்களோ, அதத் திங்கும்."

யாரோ சிரித்தார்கள். ஸ்டெல்லா பொட்டலத்தைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். ஷைனி பெட்டியைத் தராசில் மாட்டித் தூக்கினாள். அம்மாவுக்காக ஒருமுறை வாதாடிப் பார்ப்பதுபோல், "இன்னும் ரெண்டு கிலோ இடம் இருக்கு மேம்," என்றாள்.

அந்த இடம்தான் என்னைக் கெடுத்தது. இல்லை… இடத்தின்மேல் ஏன் பழி போடுகிறேன்? கெட்டவள் நான்.

மெல்போர்னில் என் அண்ணன் இருக்கிறான். அப்பா போன பிறகு நான் ஏதோ சொல்ல, அவன் ஏதோ கேட்க, பல வருடமாய்ப் பேச்சில்லை. அந்தக் கோடையில் திடீரென்று ஒரு செய்தி அனுப்பினான். 'மோதி பாக் குவார்ட்டர்ஸை இடிக்கப் போறாங்களாமே? அப்பா வச்ச முருங்கை நிக்குதா? விதை கிடைக்குமா?'

அவ்வளவுதான். நாங்கள் வளர்ந்த அரசுக் குடியிருப்பு அது. ஓடினேன். ஆள் காலிசெய்த வீட்டின் பின்புறம் மரம் நின்றது, வெடித்த நெற்றுகளோடு. காவலாளி, "ஜல்தி, மேடம், ஜல்தி," என்று விரட்ட, மடி நிறையப் பொறுக்கினேன். முருங்கை விதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கருவிழிபோல் ஒரு மணி; அதைச் சுற்றி மெல்லிய தாளாய் மூன்று இறக்கைகள். காற்றடித்தால் பறந்து போவதற்காகவே பிறந்தது.

அந்த இறக்கைகளை ஒவ்வொன்றாய்ப் பிய்த்தேன். பொடிக்குள் அடங்க வேண்டுமே!

விதை அந்த நாட்டுக்குள் போகக் கூடாதென்பது எனக்குத் தெரியாதா? ஷூவின் மண்ணைக் கழுவச் சொன்னவள் அல்லவா நான்! ஷைனியிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் வாங்கியிருக்க மாட்டாள். அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தேன்…

"பருப்புப்பொடிதான்டி. எங்க அண்ணன் அந்த ஸ்கூலுக்கே வந்து வாங்கிப்பார். கார்டுல பொடின்னு எழுதிடு."

"ஆனா மேம், நீங்கதானே யார்கிட்டயும் வாங்காதீங்கன்னு…"

"நான் யாரோவா?"

அவள் முகம் சிவந்தது. "அச்சா மேம், சாரி," என்று டப்பாவை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

சொன்னபடியே அட்டையில் எழுதினாள். உண்மையைத்தான் எழுதினாள். தானே போய் டப்பாவை நீட்டினாள். மெல்போர்ன் விமான நிலையத்து அதிகாரி அதை ஒரு தட்டில் கவிழ்த்தார்.

அப்போது நான் கரோல் பாக் மெட்ரோ நடைமேடையில் நின்றிருந்தேன். உடன் போன இயற்பியல் ஆசிரியர் ராகவன் போனில் பதறினார்.

"மேடம், ஷைனி டப்பாவுல விதை இருக்கு. யார் வச்சதுன்னு கேக்கறாங்க. விசாவையே ரத்து பண்ணினாலும் பண்ணுவாங்களாம். நீங்க குடுத்ததுன்னு இவ சொல்றா… நிஜமா?"

ரயில் வந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் தண்டவாளத்தில் முதலில் வந்தது. ஒரே ஒரு சொல் போதும். ஆமாம். தமிழில் எத்தனையோ சொல்லைத் தடவித் தடவிப் பார்த்தவளுக்கு அந்த ஒரு சொல் கிடைக்கவில்லையா? கிடைத்தது. தொண்டை வரை வந்தது. வேலை போகும், பெயர் போகும் என்றது உள்ளே ஒன்று…

"நானா? இல்லையே சார். அவங்க அம்மா வச்சிருப்பாங்க. அன்னிக்கே பெட்டியிலேர்ந்து ஒரு பொட்டலத்த எடுக்கச் சொன்னேன், எல்லாரும் பாத்தாங்களே."

பாருங்கள், பொய்க்கு எவ்வளவு விரைவாகச் சாட்சி சேர்த்தேன்!

"சார், மேம்கிட்ட நான் ஒரு நிமிஷம் பேசவா?" என்று பின்னால் ஷைனியின் குரல் கேட்டது.

போனை அணைத்துவிட்டு ரயிலில் ஏறினேன்.

நெடுநேரம் உட்காரவைத்து, அபராதம் போட்டு, எச்சரித்து அவளை உள்ளே விட்டார்கள். ஆனால், அந்தப் பள்ளியில் ஒரு பருவம் முழுவதும் தங்கிப் படிக்க எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். அது ஷைனிதான் என்று முடிவாகியிருந்தது. முதல்வர் அவள் பெயரை அடித்தார். விதைக்காகக்கூட இல்லை, 'ஆசிரியர்மேல் பழி போட்ட பெண்' என்பதற்காக.

அவள் திரும்பிய பிறகு ஸ்டெல்லாவை வரச்சொன்னார்கள். முதல்வர் அறையில் நானும் இருந்தேன். அவர் நாற்காலியைக் காட்டியும் ஸ்டெல்லா உட்காரவில்லை.

"நான்தான் சார் வச்சேன். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. பயத்துல மேம் பேரச் சொல்லிட்டுது. அவ பேர்ல பொய்க்காரின்னு மட்டும் எழுதிராதீங்க."

சொல்லும்போது அவர் முதல்வரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். காய்ச்சல்காரனின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நர்சின் பார்வை அது. வாய் திறப்பாளா, மாட்டாளா…

திறக்கவில்லை.

தாழ்வாரத்தில் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். "உங்க டப்பா மேம். கழுவியிருக்கு."

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாகாது என்பது நம் வழக்கம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவோம். ஸ்டெல்லாவுக்கும் அது தெரியும். மூடியைத் திறந்தேன். ஒன்றுமில்லை.

அண்ணனுக்கு விஷயம் எட்டியது. 'அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு சொல்லிட்டேல்ல?' என்று கேட்டிருந்தான். நான் பதில் போடவில்லை. பேச்சு மறுபடியும் நின்றது. இம்முறை நிறுத்தியவள் நான்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? முதல்வர் அறை என் வகுப்புக்கு எதிர்த்தாற்போலத்தான். அதன் கதவைத் தட்ட முடியாதவள் உங்கள் கதவைத் தட்டுகிறேன். நீங்கள் என்னைச் சந்திக்கப் போவதில்லையே… எவ்வளவு கோழைத்தனமான உண்மை இது!

இந்த ஆண்டும் நான்தான் தயார்செய்கிறேன். அனுபவசாலி அல்லவா! நேற்று பெட்டிகளை எடைபோட்டோம். உதவிக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து சிலரை அனுப்பியிருந்தார்கள். தராசைப் பிடித்தவள் ஷைனி.

"தெரிஞ்சவங்க குடுத்தாலும் வாங்கக் கூடாதா மேம்?" என்று பயணம் போகும் பெண் ஒருத்தி கேட்டாள்.

"தெரிஞ்சவங்க குடுத்தாத்தான் வாங்கக் கூடாது," என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஷைனி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெட்டியைத் தராசில் மாட்டித் தூக்கினாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, மிகுந்த மரியாதையுடன் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு கிலோ இடம் இருக்கு மேம்."