பங்கருக்குள் போட்ட தரை

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வைனல் பலகை பதிக்க வந்த இளைஞர், தண்ணீர் ஊறாது, கறை பிடிக்காது, துடைத்தால் போதும் என்று மனப்பாடமாக ஒப்புவித்துவிட்டு, இப்படியான தரை எனக்குப் புதிதா என்று கேட்டார். புதிதல்ல, போர்க்காலத்து வன்னியில், உடையார்கட்டில் மண்ணுக்குக் கீழே ஒன்று வைத்திருந்தோம் என்று சொல்லியிருக்கலாம். வேலைக்கு வருபவர்களிடம் பழங்கதை பேசி மிரட்டக் கூடாது என்பது மனைவியின் கட்டளை. தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா நிறைமாதமாக இருந்தா. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு தம்பி பிறந்திருந்தான். விமானங்கள் சுற்றிய ஒரு மத்தியானம், குண்டுக்கு ஒளிய வெட்டிய பங்கருக்குள், ஈர மண்ணில் விரித்த தறப்பாளின் மேல். தறப்பாள் சுருண்டு சேறு மேலே வந்துவிட்டது. தொப்புளில் கிருமி ஏறி, ஒரு கிழமைக்குள் போய்விட்டான். இது பின்னாளில் எனக்குத் தெரிய வந்த கதை. அப்போது சொல்லப்பட்டது, தம்பியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான். ஆஸ்பத்திரிக்கு எங்கள் தம்பி எதற்கு என்று கொஞ்சநாள் யோசித்தேன். விளங்கவில்லை. விட்டுவிட்டேன். விளங்காததை விட்டுவிடும் இந்தத் திறமையால்தான் பின்னர் நான் பல்கலைக்கழகம் வரை போனேன்.

இந்த முறை பிரசவம் பார்க்கப் பொறுப்பேற்ற மருத்துவிச்சியை ஊரில் எல்லோரும் மிஸி என்றே கூப்பிடுவார்கள். சைக்கிளில் வந்தா, பங்கருக்குள் இறங்கிப் பார்த்தா, ஏறி வந்து சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முடிந்தால் நல்லது, முடியாமல் போனால் இந்தக் குழிதான் என்று அப்பாவிடம் சொன்னா.

“தம்பி, எனக்குக் கட்டில் வேண்டாம், மெத்தை வேண்டாம். கழுவித் துடைக்கக்கூடிய ஒரு தரை தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அப்பா சீமெந்து தேடிப் புறப்பட்டார். அந்தக் காலத்தில் வன்னியில் சீமெந்து தேடுவது கடவுளைத் தேடுவதுபோல. இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், கண்டவர் இல்லை. கடைசியில் வழி கண்டது மாமா. அம்மாவின் தம்பி. வவுனியாவுக்குப் போய்ச் சாமான் கொண்டுவந்து விற்பவர். ஒருநாள் சைக்கிள் கரியரில் இரண்டு கடதாசிப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். இராணுவச் சோதனைச்சாவடியில் சீமெந்துக்குத் தடை, கம்பிக்குத் தடை, பற்றரிக்குத் தடை. தரைக்கும் தடை போடவேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பெட்டிக்குள் மெல்லிய நீளப் பலகைகள். மரம் போலத் தெரிந்தன, றப்பர் போல வளைந்தன. பின்பக்கக் கடதாசியை உரித்தால் பசை. எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் ஒரே மரக்கண் இருந்தது. எப்படி என்று கேட்டேன். வெளிநாட்டு மரங்கள் ஒழுங்காக வளரும் என்றார் மாமா. நம்பினேன். வீட்டுக்குப் பலகைத் தரை போடப்போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்தும்விட்டேன்.

மாமா முதலில் வீட்டுக்குள் ஒன்றை ஒட்டிப் பார்த்தார். சாணி மெழுகிய மண்தரை. கடதாசியை உரித்து, வைத்து, மேலே ஏறி நின்றார். இறங்கி நுனியைத் தூக்கியபோது பலகையோடு தரையும் வந்தது. அம்மா மெழுகியதெல்லாம் ஒரு பலகை அகலத்துக்கு அழகாக உரிந்து போயிருந்தது. பங்கரின் ஈர மணலில் கேட்கவே வேண்டாம். அந்தப் பலகை மாமாவின் காலில் ஒட்டியது, ஒரு கோழியில் ஒட்டியது, மண்ணில் மட்டும் ஒட்டவில்லை.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். மட்டமான, காய்ந்த, அசையாத ஏதாவது ஒன்று. எங்கள் வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாசல் கதவு. யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு வரும்போது அப்பா கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்த தேக்கங்கதவு. களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்த எங்கள் வீட்டில் அது, சாரம் கட்டியவன் தலையில் தொப்பி வைத்ததுபோல நின்றது. அப்பா அதற்கு எண்ணெய் பூசுவார். அதைப் படாரென்று சாத்தியதற்காக நான் அடிகூட வாங்கியிருக்கிறேன்.

அவர் போய்ப் பிணைச்சல்களைக் கழற்றத் தொடங்கினார்.

“இஞ்சேருங்கோ, கதவில்லாத வீடோ?” என்றா அம்மா.

“படங்கை மறைப்பாக் கட்டலாம்.”

“விடுங்கோ அக்கா,” என்றார் மாமா. “கள்ளன் வந்தாலும் இந்த வீட்டில எடுக்கிறதெண்டா அந்தக் கதவைத்தான் எடுப்பான். இனி அந்தப் பயமுமில்லை.”

பங்கரை அகலமாக வெட்டி, கதவைக் கிடையாக இறக்கி மணலில் இருத்தினார்கள். அதன்மேல் பலகைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, அம்மிக் குழவியால் உருட்டி அழுத்தினார் அப்பா. தேக்குக்கு மேல் தேக்கின் படம். நான் குழியின் விளிம்பில் குந்தியிருந்து பார்த்தேன். நல்ல தரை வந்தது, அது குழிக்குள் போனது. நல்ல கதவு இருந்தது, அதுவும் குழிக்குள் போனது. பெரியவர்களுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பட்டது. தரை பார்க்க வந்த என் வகுப்புக்காரன் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வீட்டையும் பார்த்தான்.

“ஏன்ரா, உங்கட வீடு கீழயும் பங்கர் மேலயும் கிடக்கு?”

எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் ஒரே மரக்கண் இருப்பதை அவனுக்குக் காட்டினேன்.

மிஸி வந்து, இறங்கி, ஒரு வெள்ளைத் துணியால் பலகையைத் துடைத்து, துணியைத் திருப்பிப் பார்த்தா. போதும் என்று தலையசைத்தா.

தங்கச்சி ஒரு காலைப்பொழுதில் அங்கேதான் பிறந்தாள். விமானங்கள் வந்துவிட்டன, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. என்னைப் பக்கத்து வீட்டுப் பங்கருக்கு அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது அப்பா வாளி வாளியாகத் தண்ணீர் இறக்கித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்த வீடு போலவே இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. இனிப்புக் கிடைக்கும் என்று காத்திருந்தேன். கேட்டதற்கு மாமா, “பொறடா,” என்றார். எதற்குப் பொறுப்பது என்று சொல்லவில்லை. மிஸி நாள்தோறும் வந்தா. பிள்ளையின் தொப்புளைப் பார்ப்பா, ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போவா. அவா போன பிறகும் அப்பா வேலிப் படலையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படியே போய், ஒரு காலை மிஸி தங்கச்சியை வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தா. வயிற்றை நன்றாகப் பார்த்தா. சுண்டு விரலால் தடவினா. கொடி காய்ந்து விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பாவிடம் திரும்பினா.

“இனிப் பயமில்லை, தம்பி.”

அப்பா ஓம் என்றார். வாசலுக்குப் போனார். படங்கை ஒதுக்கிவிட்டு, கதவில்லாத நிலைச்சட்டத்தில் முதுகைச் சாய்த்து அப்படியே குந்தினார். பிறகு அழத் தொடங்கினார். தோள் இரண்டும் குலுங்க, வாயைக் கையால் பொத்திக்கொண்டு. வீடு விட்டு வந்தபோது அழாத மனிதர். நான் மிஸியைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். இருவரும் அவரைத் தடுக்கவில்லை. பயமில்லை என்று சொன்னதும் ஒருவர் அழுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. காரணம் தேடினேன். அவர் சாய்ந்திருந்த நிலைச்சட்டத்தில், பிணைச்சல் கழற்றிய ஆணி ஓட்டைகள் தெரிந்தன. எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தில் போய் அவருடைய முதுகில் கை வைத்தேன்.

“அழாதேங்கோ அப்பா,” என்றேன். “கதவை மேல எடுத்துத் திருப்பிப் பூட்டலாம்.”